பாக்ஸ் மாறினால் போதுமா? பழைய ஜீப்புகளில் மாற்று ஸ்டீயரிங்

மதுரைப் பட்டறைகளுக்குப் பழைய மகிந்திரா ஜீப் ஒன்று வேலைக்கு வந்தால், இன்ஜினுக்கு அடுத்தபடியாக உரிமையாளர் பேசுவது ஸ்டீயரிங்கைப் பற்றித்தான். "ரொம்ப ஆட்டமா இருக்குண்ணே, பேசாம பவர் ஸ்டீயரிங் மாட்டி விட்ருங்க" என்பார். பொலேரோ போன்ற வேறு வண்டியில் கழற்றிய பவர் ஸ்டீயரிங் பாக்ஸ் ஒன்றைத் தேடிப் பிடித்து, லேத்தில் பிராக்கெட் செய்து, சேஸிஸில் வெல்டு வைத்து, பம்பும் ஹோஸும் இணைத்து வண்டியை வெளியே அனுப்பிவிடுவார்கள். திருமங்கலத்துக் கரிசல் காட்டிலும் சிறுமலை ஏற்றத்திலும் போடிமெட்டு வளைவுகளிலும் இப்படி மாற்றிய ஜீப்புகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இந்த வழக்கத்தை முழுக்கப் பாராட்டுவோரும் உண்டு, முழுக்கத் தடுக்கச் சொல்வோரும் உண்டு. இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. மாற்று உதிரிபாகம் பொருத்துவது தவறில்லை; ஆட்டம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்காமல் பொருத்துவதும், பொருத்தியதைச் சோதிக்காமல் சாலைக்கு அனுப்புவதும்தான் தவறு. இந்த முடிவுக்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஆட்டம் எங்கிருந்து வருகிறது?

மகிந்திரா ஜீப்பின் வேர் இரண்டாம் உலகப்போரில் இருக்கிறது. 1941 முதல் 1945 வரை அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனம் படைக்காகக் கட்டிய எம்பி மாடலும், அதன் வழியில் வந்த சிஜே வரிசையும்தான் மூலம். 1945இல் தொடங்கிய மகிந்திரா நிறுவனம், 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்புகளை இங்கே பூட்டத் தொடங்கியது. பின்னர் சிஜே3பி நெடுங்காலம் இந்தியாவிலேயே தயாரானது. கலெக்டர் ஜீப், பி.டி.ஓ. ஜீப், போலீஸ் ஜீப் என்று தமிழ்நாட்டு மக்கள் ஒரு தலைமுறை முழுவதும் பார்த்தது இந்த வண்டியைத்தான். அரசு கழித்து ஏலம் விட்டபோது விவசாயிகளும் தோட்டக்காரர்களும் எடுத்து ஓட்டினார்கள்.

அந்தப் பழைய அமைப்பில் ஸ்டீயரிங் வீல் திரும்பியதும் ராஸ் வகை பாக்ஸுக்குள் திருகு வடிவக் காடி ஒன்று சுழலும். காடிக்குள் இருக்கும் முளைகள் நகர்ந்து டிராப் ஆர்மை அசைக்கும். டிராப் ஆர்ம் டிராக் லிங்க்கைத் தள்ள, அது வண்டியின் முன்பக்க நடுவில் இருக்கும் பெல் கிராங்க்கைத் திருப்பும். பெல் கிராங்க்கிலிருந்து இரண்டு டை ராடுகள் இரு சக்கரங்களுக்கும் போகும். சக்கரங்கள் கிங் பின்களைச் சுற்றித் திரும்பும்.

இதை எண்ணிப் பார்த்தால்தான் விஷயம் புரியும். டிராக் லிங்க்குக்கு இரண்டு, டை ராடுகளுக்கு நான்கு என மொத்தம் ஆறு பந்து மூட்டுகள். பெல் கிராங்க் பின் ஒன்று. கிங் பின்னுக்கு மேலும் கீழுமாகப் பக்கத்துக்கு இரண்டு வீதம் நான்கு பேரிங்குகள். இவற்றோடு சக்கரப் பேரிங்குகள், லீஃப் பட்டைகளின் புஷ்கள், யூ போல்ட்டுகள். தேய்வதற்கு ஒரு டஜனுக்கு மேல் இடங்கள் இருக்க, பாக்ஸ் அவற்றில் ஒன்றே ஒன்று. ஒவ்வொன்றிலும் நூலளவு தேய்ந்தாலும், வீலில் கை வைக்கும்போது எல்லாம் கூடித் தெரியும். கை உணர்வது வீலில். குறையோ பெரும்பாலும் கீழே, புழுதிக்குள் இருக்கிறது.

மதுரையின் நிலமும் வெயிலும் இந்தத் தேய்மானத்தை விரைவுபடுத்துகின்றன. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வெப்பத்தில் மூட்டுகளின் ரப்பர் மூடிகள் காய்ந்து வெடிக்கும். வெடிப்பு வழியாகச் செம்மண் புழுதி உள்ளே போய் கிரீஸோடு கலந்தால், அது உப்புத்தாள் போல உலோகத்தை அரைக்கும். ஐப்பசி கார்த்திகையில் கரிசல் சேறு ஏறினால் கிரீஸே வெளியேறிவிடும். கிரீஸ் கன் பிடிக்கும் வழக்கம் குறைந்துபோன காலத்தில் பழைய ஜீப்பின் ஸ்டீயரிங் ஆடுவதில் வியப்பில்லை.

நிறைகள்

இந்த வழக்கத்தின் முதல் நன்மை, வண்டி உயிரோடு இருப்பதுதான். அறுபது எழுபது ஆண்டுக்கு முந்தைய பாக்ஸுக்கு அசல் முளையும் காடியும் கிடைப்பது அரிது. ராஸ் பாக்ஸ் நடுப்பகுதியில்தான் அதிகம் தேயும். நேர் சாலையில் அந்த இடத்தில்தானே எப்போதும் நிற்கிறது. நடுவில் ஆட்டம் போகும்படி இறுக்கினால், முழுதாக ஒடிக்கும்போது ஓரங்களில் பிடிக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் அதைச் சரிசெய்ய வழியில்லை. அப்போது மாற்று பாக்ஸ் தேடுவது நியாயமான தேவை. அமெரிக்காவிலேயே 1972 முதல் சிஜே ஜீப்புகள் ராஸ் அமைப்பைக் கைவிட்டு, பந்துகள் உருளும் சாகினா வகைக்கு மாறின. அங்கும் பழைய வண்டிக்காரர்கள் அந்த பாக்ஸைத் தங்கள் ஜீப்பில் பொருத்திக்கொள்கிறார்கள். ஆகவே இது நம்மூர்க் குறுக்குவழி மட்டும் என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டாவது, ஓட்டுநரின் உடல். பெட்ரோல் இன்ஜினோடு பிறந்த ஜீப்பில் பிற்காலத்தில் கனமான டீசல் இன்ஜினை ஏற்றினார்கள். அகலமான டயரையும் மாட்டினார்கள். முன் சக்கரத்தின் மேல் பாரம் கூடி, நின்ற இடத்தில் திருப்புவது மல்லுக்கட்டாகிவிட்டது. மலைப்பாதையில் கல் மோதினால் வீல் பின்வாங்கி அடிக்கும். கட்டைவிரலை உள்ளே வைத்து வீலைப் பிடிக்காதே என்று பழைய ஓட்டுநர்கள் சொல்லிக்கொடுப்பது இதனால்தான். நல்ல பவர் ஸ்டீயரிங்கில் எண்ணெய் அழுத்தம் அந்த அடியை உறிஞ்சிக்கொள்ளும். வயதான விவசாயி தன் ஜீப்பைத் தானே ஓட்ட முடிகிறது என்றால் அது சிறிய நன்மை இல்லை.

மூன்றாவது, தமிழ்நாட்டின் தொழில்வளம். 1911இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் மதுரையில் தொடங்கிய டிவிஎஸ், இந்த ஊருக்கு மோட்டார்த் தொழிலின் ஒழுங்கைப் பழக்கியது. சென்னையின் ரானே மெட்ராஸ் 1960களிலிருந்து டை ராட் எண்டு போன்ற ஸ்டீயரிங் இணைப்புப் பாகங்களைச் செய்துவருகிறது. வாகனத் தொழிற்சாலைகளுக்கே பாகம் கொடுக்கும் தயாரிப்பாளர்கள் நம் மாநிலத்திலேயே இருக்கும்போது, 'வெளிப் பாகம்' என்றாலே மட்டம் என்று ஒதுக்கத் தேவையில்லை. இறுக அடைத்த ரப்பர் மூடியோடு வரும் இன்றைய பந்து மூட்டு, அன்றைய மூட்டைவிடப் புழுதியை நன்றாகத் தாங்கும். கே. புதூர், கப்பலூர்த் தொழிற்பேட்டைகள் உள்ள ஊரில், தேய்ந்த பின்னுக்குச் சரியான அளவில் புஷ் கடையத் தெரிந்த கைகளுக்கும் பஞ்சமில்லை.

குறைகள்

முதற்குறை, நோய் பார்க்காமல் மருந்து கொடுப்பது. பாக்ஸை மட்டும் மாற்றிவிட்டு, தேய்ந்த டை ராட் எண்டுகளையும் கிங் பின்னையும் அப்படியே விட்டால் நிலைமை முன்பைவிட மோசமாகும். பவர் பாக்ஸ் தரும் விசை அதிகம். தளர்ந்த மூட்டுகள் அந்த விசையையும் தாங்க வேண்டிவரும். ஓட்டுநருக்கோ வீல் லேசாகிவிட்டதால் ஆட்டமே தெரியாது. எச்சரிக்கை கொடுத்துக்கொண்டிருந்த குறை, எச்சரிக்கை கொடுக்காத குறையாக மாறிவிடுகிறது.

ஸ்டீயரிங் டேம்பர் பொருத்துவதிலும் இதே சிக்கல். ஒரு குழியில் இறங்கி ஏறியதும் முன் சக்கரங்கள் இரண்டும் தடதடவென்று உதறுவதைப் பழைய ஜீப் ஓட்டியவர்கள் அறிவார்கள். கிங் பின் தளர்ச்சி, மூட்டுத் தேய்மானம், கிங் பின்னின் பின்சாய்வான காஸ்டர் கோணம் குறைந்துபோனது, டயர் பேலன்ஸ் இல்லாதது ஆகியவைதான் காரணம். டேம்பர் அந்த உதறலை அடக்கும், காரணத்தைத் தொடாது. டேம்பர் தேய்ந்த அன்று உதறல் இன்னும் வேகமாகத் திரும்பி வரும்.

இரண்டாவது குறை, வெல்டிங். டிராப் ஆர்மும் சக்கரத்தைத் திருப்பும் நக்கிள் ஆர்மும் ஃபோர்ஜிங் முறையில் உருவாகி, பதமேற்றப்பட்டவை. நீளம் போதவில்லை என்று அவற்றை வெட்டி ஒட்டினால், வெல்டுக்குப் பக்கத்து உலோகம் சூட்டில் பதம் இழக்கும். பார்க்க அழகான வெல்டாக இருக்கும். நாளடைவில் ஓரத்தில் மயிரிழை விரிசல் விழும். பிரேக் கெட்டால் கியரைக் குறைத்தோ கைப்பிரேக் போட்டோ சமாளிக்க வாய்ப்புண்டு. டிராப் ஆர்ம் ஒடிந்தால் ஓட்டுநர் கையில் மிஞ்சுவது ஒரு வட்டம் மட்டுமே.

மூன்றாவது, பொருந்தாத கூம்பு. பந்து மூட்டின் தண்டு கூம்பாக இருக்கும்; அது உட்காரும் துளையும் அதே சரிவில் இருக்க வேண்டும். வேறு வண்டியின் மூட்டை மாட்டும்போது சரிவு மாறுபட்டால், நட்டு இறுகியதுபோல் தெரிந்தாலும் தண்டு ஒரு விளிம்பில் மட்டுமே பிடித்திருக்கும். அரத்தால் தேய்த்துப் பொருத்துவது இதற்குத் தீர்வாகாது. சரியான ரீமர் கொண்டு துளையைச் சரிவுபடுத்த வேண்டும். இல்லையென்றால் அந்தப் பாகத்தை விட்டுவிட வேண்டும்.

நான்காவது, சேஸிஸும் கோணமும். பழைய ஜீப்பின் சேஸிஸ் கைபலத்துக்காகக் கட்டப்பட்டது. பவர் பாக்ஸ் பக்கவாட்டில் தள்ளும் விசைக்கு, உள்தகடு வைத்து வலுப்படுத்தாவிட்டால் போல்ட் துளைகளைச் சுற்றி விரிசல் விடும். புதிய டிராக் லிங்க்கின் சரிவும் நீளமும் லீஃப் பட்டை ஏறி இறங்கும் பாதைக்கு ஒத்துவராவிட்டால், ஒவ்வொரு மேட்டிலும் வண்டி தானாகத் திரும்பும். உயரத்துக்காக லீஃப் பட்டைக்கு நீள ஷாக்கிள் போடுவோர் இந்தக் கோளாறைத் தாங்களே வரவழைக்கிறார்கள். ரேக் அண்ட் பினியன் வகையைப் பழைய ஜீப்புக்குக் கொண்டுவரும் முயற்சியும் இப்படித்தான். அது சக்கரங்கள் தனித்தனியாக அசையும் வண்டிக்கு ஏற்றது. ஒரே தண்டாக ஏறி இறங்கும் ஜீப் ஆக்சிலுக்கு ஒத்துவராது. அழகுக்காக 17 அங்குல ஸ்டீயரிங் வீலைக் கழற்றி 14 அங்குல வீல் போட்டால், அதே திருப்பத்துக்குக் கை கொடுக்க வேண்டிய விசை ஐந்தில் ஒரு பங்கு கூடும் என்பதையும் மறந்துவிடுகிறோம்.

ஐந்தாவது குறைதான் மற்ற நான்கையும் வளர்க்கிறது. எந்த வண்டியில் எந்த பாக்ஸ், எந்த மூட்டு, எங்கே வெல்டு என்பதற்குக் குறிப்பு எதுவும் எழுதி வைப்பதில்லை. வண்டி கைமாறும்; அடுத்த மெக்கானிக் என்ன பாகம் வாங்குவது என்று தெரியாமல் கையில் கிடைத்ததைப் போடுவார். கைத்திறன் இருந்தும் அதன் பலன் அந்தப் பட்டறையைத் தாண்டிப் போவதில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது?

1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 98ஆம் விதி, வீலில் 30 டிகிரிக்கு மேல் ஆட்டம் இருக்கக்கூடாது என்கிறது. பந்து மூட்டுகளுக்கு ரப்பர் மூடி வேண்டும், போல்ட்டும் பின்னும் கழன்றுவிடாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 17 அங்குல வீலின் விளிம்பில் 30 டிகிரி என்பது ஏறத்தாழ 11 சென்டிமீட்டர். அது சட்டம் பொறுக்கும் எல்லை; நல்ல வண்டியின் அளவாக அதைக் கொள்ளக்கூடாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகை மறுக்கப்படவும் அந்த மாற்றம் இடம்கொடுக்கும். 2021இல் வந்த விண்டேஜ் வாகன விதிகளோ, 50 ஆண்டு கடந்த வண்டி அசல் வடிவிலேயே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன.

சட்டத்தின் நோக்கம் சரி. ஆனால் பொறுப்போடு மாற்றியவரையும் கண்மூடித்தனமாக வெல்டு வைத்தவரையும் அது ஒரே தட்டில் நிறுத்துகிறது. நல்ல வேலை செய்த பட்டறைக்காரர் அதைச் சோதனைக்குக் கொண்டுபோய்ச் சான்று வாங்க, அவர் கைக்கெட்டும் தூரத்தில் வழி இருக்க வேண்டும். வழி இல்லாத இடத்தில் மாற்றங்கள் நிற்பதில்லை, மறைவாக நடக்கின்றன.

யாருக்கு எது பொருந்தும்?

எல்லோருக்கும் ஒரே தீர்ப்பு சொல்ல முடியாது. பழமைக்காக வில்லிஸோ சிஜே3பியோ வைத்திருப்பவர் பாக்ஸை மாற்றவே வேண்டாம். கிங் பின் பேரிங், பெல் கிராங்க் பின், ஆறு மூட்டுகள் ஆகியவற்றை அதே வடிவத்தில் நல்ல தயாரிப்பாகப் போட்டு, ஷிம் தகடு வைத்து இறுக்கம் சரிசெய்து, சக்கரங்களின் முன்விளிம்பு உள்நோக்கும் டோ-இன் அளவைப் பார்த்தாலே பெரும்பாலான ஆட்டம் போய்விடும். மெதுவாக ஓட்டப்போகும் வண்டிக்கு அது போதும்.

தோட்டத்துக்கும் ஊருக்கும் தினமும் ஓட்டுபவர், ராஸ் பாக்ஸ் தீர்ந்துபோனால் மாற்று பாக்ஸுக்குப் போகலாம். ஆனால் மூட்டுகளைப் புதுப்பித்த பிறகுதான் போக வேண்டும். இணைப்புப் பாகங்களில் வெல்டு இல்லாமல், சேஸிஸை வலுப்படுத்தி, சட்ட அனுமதிக்கு உட்பட்டுச் செய்ய வேண்டும்.

தேனி, போடி, கம்பம் பகுதிகளிலிருந்து இடுக்கியின் ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளின் நிலை வேறு. போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் அந்த வண்டிகள் தினமும் ஏறி இறங்குகின்றன. ஏறி உட்காரும் தொழிலாளர்களுக்கு, வண்டிக்குக் கீழே என்ன பாகம் பூட்டியிருக்கிறது என்று தெரியாது. தெரிந்தாலும் வேறு வண்டி தேர்ந்தெடுக்கும் வசதி அவர்களுக்கு இல்லை. ஆகவே அங்கே ஒட்டுவேலை ஸ்டீயரிங்குக்கு எந்த நியாயமும் கிடையாது. தன் உயிரைப் பணயம் வைப்பவர் வேண்டுமானால் தனக்கென்று வாதாடலாம். பிறர் உயிரை ஏற்றிச் செல்பவருக்கு அந்த உரிமை இல்லை.

செய்ய வேண்டியவை எளிமையானவைதான். உரிமையாளர்களே, பாக்ஸ் மாற்றச் சொல்லும் முன் வண்டியைத் தரையில் நிறுத்தி, ஒருவர் வீலை இரு பக்கமும் அசைக்க, மற்றொருவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டாகப் பாருங்கள். பட்டறைக்காரர்களே, மாற்றிய பாகத்தின் பெயர், அளவு, தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வண்டியோடு கொடுங்கள். ஸ்டீயரிங் ஆர்மில் வெல்டு வைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். விரிசலைச் சாயம் தடவிக் கண்டறியும் சோதனை எளியது. தியாகராசர் பொறியியல் கல்லூரி போன்ற மதுரைக் கல்விநிலையங்கள் அதைப் பட்டறைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் அந்தச் சோதனைச் சீட்டை மதித்தால், இந்தக் கைத்தொழில் பாதுகாப்பான தொழிலாக வளரும். அதுவரை, சோதிக்காத ஸ்டீயரிங் உள்ள ஜீப்பில் ஓர் ஆளைக்கூட ஏற்றாதீர்கள்.