பாலும் அவாவும்

பாலீர்ப்புப் பிறப்பொடு வருவதோ, வளர்ப்பான் அமைவதோ என்னும் வினாவிற்கு நம் இலக்கணநூல்களில் விடை காண முயல்வார் உளர். பேடு பற்றிய சூத்திரத்தில் நன்னூலார் ஆளும் ‘விட்டு’, ‘அவாவுவ’ என்னும் இரு சொற்களைக் கொண்டு, அதனை ஒருவர் தாமே தேர்ந்துகொள்ளும் ஒழுக்கமாகப் பவணந்தியார் கருதினார் என்பர் அவர். அது பொருந்துமா என்பது ஈண்டு ஆராயற்பாலது.

அச்சூத்திரத்தில் அவாவப்படுவது யாது? காதற்குரிய மற்றோர் ஆள் அன்று. ஆண்மை அல்லது பெண்மை என்னும் தன்மையே. பெண்தன்மை நீங்கி ஆண்தன்மையை விரும்புவதனை ஆண்பாலாகவும், அதன் மறுதலையைப் பெண்பாலாகவும் கொள்க என்பதே கருத்து. ஒருவர் தம்மை யாரென உணர்கின்றார் என்பது வேறு. யார்மாட்டு அவர் உள்ளம் செல்கின்றது என்பது வேறு. முன்னதற்குரிய சூத்திரத்தைப் பின்னதற்குச் சான்றாக்குதல் வலிந்து பொருள்கோடலாம். மேலும், ஆசிரியர் அங்கு வகுப்பது பால்முடிபு. தோற்றக் காரணம் அன்று.

தொல்காப்பியர் ‘திரிந்த’ என்றாரே எனின், எழுத்ததிகாரத்தில் மெய் பிறிதாதலும் மிகுதலும் குன்றலும் திரிபே. மிகுதலும் திரிபாயின் அச்சொல்லில் இழிவு யாண்டுளது?

தோற்றக் காரணம் கூறும் நூல் திருமந்திரம். கருவுறுங்கால் மூச்சு வலப்பால் ஓடின் ஆண், இடப்பால் ஓடின் பெண், இரண்டும் ஒப்பின் ‘அலி’ என்றார் திருமூலர். இஃது உடலியலுக்கு ஒவ்வாது. பேசப்படுவதும் உடற்பாலே, ஈர்ப்பன்று. ஆயினும் பழக்கத்தின்மேல் அவர் பழி சுமத்தவில்லை.

ஈர்ப்பின் காரணத்தைத் தொடும் இடம் களவியல். கிழவனும் கிழத்தியும் எதிர்ப்படுதல் ‘பால்’ எனப்பட்ட ஊழின் ஏவலால் என்பது தொல்காப்பியம். சூத்திரம் ஆண் பெண் இருவரையே கூறுகின்றது. அதனை மறைத்து அகலப்படுத்துதல் ஆய்வுநெறியன்று. எனினும், காதல் பயிற்சியான் வருவதன்று என்னும் எண்ணம் அதன்கண் உண்டு.

ஏறத்தாழ 4,77,000 பேரின் மரபணுக்களை ஆய்ந்து 2019-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த கட்டுரை, தன்பாலுறவை முடிவுசெய்யும் தனி மரபணு இல்லை என்றும், பொதுவான மரபணு வேறுபாடுகள் அனைத்தும் சேர்ந்து 8 முதல் 25 விழுக்காடே விளக்கும் என்றும் கண்டது. எஞ்சியது முழுதும் பெற்றோர் வளர்ப்பே என்றலும் பிழை. கருப்பைச் சூழலும் அதனுள் அடங்கும்.

இது வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று. பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதைச் சென்னை உயர்நீதிமன்றம் 2021-இல் தடைசெய்தது. தம் மக்களை அம்முயற்சிக்கு உட்படுத்த விழையும் பெற்றோர்க்கு நன்னூலைத் துணையாகக் காட்டும் உரை, எழுதியவர் நினையாத தீங்கையும் செய்யும்.

நன்னூலைக் குறைகூற இடம் இல்லாமல் இல்லை. தொல்காப்பியர் தன்மை திரிபெயரை அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களுள் வைத்தபோது அரசு, மகவு, குழவி என்பவற்றோடு உடன்வைத்தார். நன்னூலாரோ அச்சூத்திரத்தில் பேட்டினை மட்டும் தனித்தெடுத்து அஃறிணை போலவும் ஆம் என்றார். அரசோடு நின்ற சொல் தனித்து நின்றது ஏன் என்பதனை உரைகாரர் வழி ஆராய்தல் வேண்டும்.