'கூடிய விரைவில்' என்றால் எத்தனை நாள்?

எங்க பீர்க்கன்கரணை தெருவுல தோண்டிப் போட்ட பள்ளத்தை எப்ப மூடுவீங்கன்னு ஒரு அலுவலகத்துல கேட்டேன். "கூடிய சீக்கிரம் சார்." அடுத்த மழையும் வந்துபோச்சு.

அரசியல் சாசனத்தின் 200-வது பிரிவிலும் இதே சொல். மசோதாவில் உடன்பாடு இல்லையென்றால் ஆளுநர் அதைக் 'கூடிய விரைவில்' சட்டமன்றத்துக்குத் திருப்பி அனுப்பலாம். தமிழ்நாடு 2020 ஜனவரியிலிருந்து அனுப்பிய மசோதாக்களில் பத்துக்கு, 2023 நவம்பர் 13-ல்தான் 'ஒப்புதல் இல்லை' என்று பதில் வந்தது. 18-ம் தேதி சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது. 28-ம் தேதி பத்தும் குடியரசுத் தலைவருக்குப் போயின.

2025 ஏப்ரல் 8-ல் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு சாசனத்தின் நோக்கத்தைப் பார்த்தது. ஒரு மாதம், மூன்று மாதம் என்று கெடு வைத்தது. பத்து மசோதாவும் ஒப்புதல் பெற்றதாகவே கொள்ளப்படும் என்றது. நவம்பர் 20-ல், குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குக் கருத்துச் சொன்ன ஐந்து நீதிபதிகள் அமர்வு எழுத்தைப் பார்த்தது: சாசனத்தில் இல்லாத கெடுவை நீதிமன்றம் எழுதிச் சேர்க்க முடியாது, தானாக ஒப்புதல் என்பதும் கிடையாது. காரணமில்லாமல் நெடுநாள் இழுத்தால் மட்டும், ஏதாவது ஒரு முடிவெடுங்கள் என்று சொல்லலாமாம்.

'எழுதியவங்க என்ன நினைச்சாங்களோ அதுதான் அர்த்தம்' என்பவர்கள் இங்கே உதவுவார்களா? குடியரசுத் தலைவர் மசோதாவைத் திருப்பி அனுப்புவது பற்றிய வரைவில் 'ஆறு வாரத்துக்குள்' என்றுதான் முதலில் இருந்தது. 1949-ல் அதை எடுத்துவிட்டு 'கூடிய விரைவில்' என்று மாற்றத் திருத்தம் கொண்டுவந்தவர் அம்பேத்கர். கெடுவே வேண்டாம் என்று எடுத்தாரா? ஆறு வாரம் என்று போட்டால் நாற்பதாவது நாள் வரை உட்கார்ந்திருப்பார்கள், அதைவிடச் சீக்கிரம் நடக்கட்டும் என்று எடுத்தாரா? ஒரே திருத்தம், இரண்டு கட்சிக்கும் சாட்சி சொல்கிறது. எனக்கு இரண்டாவதுதான் பொருந்துகிறது. அவசரத்தைக் குறைக்க நினைக்கிறவர் 'விரைவில்' என்ற சொல்லையே போட்டிருக்க மாட்டார்.

தானாக ஒப்புதல் என்பது எழுத்தில் இல்லை, அதில் ஐவர் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். டைம்அவுட் இல்லாத புரோகிராமுக்கு, பதில் வராதபோது 'ஆமாம்' என்று வைத்துக்கொள் என நானும் எழுத மாட்டேன். ஆனால் எழுத்தைத்தான் படிப்போம் என்றால் முழுக்கப் படிக்கணும். மூன்று மாதம் என்பது சாசனத்தில் இல்லை, 'விரைவில்' இருக்கிறது. நெகிழ்வு வேண்டும் என்று சொல்லி அதன் கனத்தையே குறைத்துவிட்டார்கள். கெடு வைக்காமலேயே, இன்ன மசோதாவுக்கு இத்தனை நாள் ஏன் ஆனது என்று ஒவ்வொரு வழக்கிலும் ஆளுநர் தரப்பிடம் கணக்குக் கேட்டிருக்கலாம். மூன்றே முக்கால் வருஷத்துக்கு மேல் ஆனதற்கு என்ன கணக்கு வந்திருக்கும்?