ஏற்றத்தில் தள்ளும் சக்கரம்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் சாலை, ஐப்பசி மழை, ஒரு கொண்டை ஊசி வளைவு. முன்னால் போன பேருந்து நின்றுவிடுகிறது. பின்னால் ஐந்து பேரும் பெட்டிகளுமாக ஒரு சின்னக் கார். பேருந்து நகர்ந்ததும் கிளட்சை விட்டால், வளைவின் உள்பக்க முன்சக்கரம் ஈரத்தில் வெறுமனே சுழல்கிறது. ரப்பர் தீயும் வாடை வருகிறது, வண்டி நகரவில்லை. அம்பாசடர் காலத்தில் இதெல்லாம் ஏது என்பார்கள் பழைய டாக்சிக்காரர்கள்.

அதில் பாதி உண்மை. அம்பாசடரை உந்தியது பின்சக்கரம். ஆனால் மேட்டினால் மட்டும் பின்சக்கரத்தில் பாரம் ஏறிவிடாது. பத்தடிக்கு ஓரடி உயரும் சரிவில் பின்னுக்கு நகர்வது மொத்த எடையில் இரண்டு மூன்று சதவீதம்தான். கணக்கை மாற்றுவது பின்சீட்டும் டிக்கியும். குடும்பம் ஏற ஏறப் பாரம் பின் அச்சில் உட்காருகிறது. இயங்கும் சக்கரம் அங்கே இருந்தால் பிடி கூடுகிறது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்திருக்கும் முன்சக்கரத்துக்கோ திரும்புகிற வேலை ஒன்றே போதும்.

அம்பாசடர், பத்மினி, சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு எல்லாமே பின்சக்கர வண்டிகள். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 இதைத் திருப்பிப் போட்டது. எஞ்சினிலிருந்து பின் அச்சுக்கு ஓடும் புரொப்பல்லர் ஷாஃப்ட் போனது. அதற்காகத் தரையில் எழுப்பிய மேடும் போனது. வண்டி இளைத்தது, பெட்ரோல் மிச்சமானது, நடுவில் உட்காரும் பிள்ளைக்குக் கால் வைக்க இடம் கிடைத்தது. வருடத்துக்கு ஒருமுறை மலையேறும் குடும்பத்துக்கு இது நியாயமான பேரம்தான்.

இறக்கத்தைப் பற்றிப் பழைய ஆட்கள் அதிகம் பேசுவதில்லை. சவாரியை விட்டுவிட்டுக் காலியாக இறங்கும் பின்சக்கர வேனான மாருதி ஆம்னியில் பின்பக்கம் லேசாக இருக்கும். ஈரத்தில் கியரைச் சட்டென்று குறைத்தால், எஞ்சின் பிடிக்கும் பிடி முழுவதும் அந்த லேசான சக்கரங்களில் விழும், வால் வீசும். அங்கே முன்சக்கர வண்டியே பத்திரம்.

ஆனாலும் தினமும் மலையில் பாரம் ஏற்றுகிறவருக்கு என் ஓட்டு பின்சக்கரத்துக்கே. 2010 முதல் விற்கும் மாருதி ஈகோ அந்தத் தேவையை மலிவாகத் தீர்க்கிறது. சொகுசு கிடையாது, ஆனால் பூம்பாறைப் பூண்டு மூட்டையோ ஒரு குடும்பமோ, பின்னால் பாரம் ஏறினால் அதன் பிடி குறையாது.

மின்சார வண்டியில் மோட்டாரைப் பின் அச்சிலேயே வைத்துவிடலாம். ஷாஃப்டும் வேண்டாம், நடுமேடும் வேண்டாம். வால் வீசுவதை மின்னணுக் கட்டுப்பாடு பெருமளவு தடுத்துவிடும். 2023இல் வந்த எம்ஜி காமெட்டுக்குப் பின்சக்கர இயக்கம்தான். ஆனால் அதில் நாலு பேருக்குத்தான் இடம், பெட்டி வைக்க இடமே இல்லை. ஐந்து பேரும் அவர்கள் பெட்டிகளும் ஏறும் வண்டியில், காமெட்டின் விலையருகே, இந்த அமைப்பு வரவேண்டும்.