முதல் நாள் எல்லாச் செயலியும் நல்ல செயலிதான்

2023 டிசம்பரில் எவர்நோட் தன் இலவசக் கணக்குக்கு ஒரு வேலி போட்டது: 50 குறிப்புகள், ஒரே ஒரு குறிப்பேடு. ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தவர்களின் குறிப்புகளை அது அழித்துவிடவில்லை. படிக்கலாம், திருத்தலாம், வெளியே எடுக்கலாம். புதிதாக ஒன்று எழுதத்தான் வழியில்லை. 2008இல் வந்து, குறிப்புச் செயலி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று மற்றவர்களுக்குக் காட்டிக்கொடுத்த செயலி அது. சர்வர் செலவை யாராவது கொடுத்துத்தானே ஆக வேண்டும்? இலவசம் எந்த நாளும் சுருங்கலாம் என்று தெரிந்தே உள்ளே போவது நல்லது.

வசதி பொய்யில்லை. பஸ்ஸில் நின்றபடி போனில் தட்டியது மேசைக்கு வருவதற்குள் கணினியில் காத்திருக்கிறது. மளிகைப் பட்டியலுக்குக் கூகுள் கீப் போதும்: ஒருவர் கடையில் டிக் அடிக்க, இன்னொருவர் வீட்டிலிருந்து பெருங்காயத்தைச் சேர்க்கலாம். ஆனால் அதில் ஃபோல்டர் கிடையாது, லேபிள் மட்டும்தான். சில வருடக் குறிப்புகள் சேர்ந்துவிட்டால் அது குப்பைக்கூடைதான். ஐபோனும் மேக்கும் வைத்திருப்பவருக்கு ஆப்பிள் நோட்ஸ் சுகம். ஆண்ட்ராய்டுக்கு மாறும் நாளில்தான் அங்கே அதற்குச் செயலியே இல்லை என்பது உறைக்கும்.

ஒரு செயலியின் குணம் கோளாறில்தான் தெரிகிறது. ஒரே குறிப்பை நெட் இல்லாத இடத்தில் போனில் திருத்துகிறோம். அதற்குள் கணினியிலும் ஒரு வரி மாறிவிடுகிறது. இரண்டும் சர்வரில் சந்திக்கும்போது எது நிற்கும்? சில செயலிகளில் பின்னால் வந்தது முன்னதை விழுங்கிவிடும், சத்தமே இல்லாமல். ஜோப்ளின் அப்படிச் செய்யாது. மோதிய பிரதியைத் தனிக் குறிப்பேட்டில் ஒதுக்கி வைக்கும். பார்க்க அலங்கோலம்தான், ஆனால் எழுதியது தொலையாது. நெட் இருந்தாலும் இந்த மோதல் வரும். பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று பல ஆண்ட்ராய்டு போன்கள் பின்னணியில் ஓடுவதை நிறுத்திவிடுகின்றன. செயலியை மறுபடி திறக்கும்வரை குறிப்பு போனிலேயே கிடக்கும்.

ஒத்திசைவைக் காப்புப் பிரதி என்று நினைப்பது இன்னொரு ஆபத்து. போனில் அழித்தால் கணினியிலும் அழியும், அதுவும் ஒத்திசைவுதான்.

இதற்கெல்லாம் மாற்றாகச் சொல்லப்படுவது அப்சிடியன். குறிப்புகள் நம் கணினியின் ஃபோல்டரிலேயே சாதாரண மார்க்டவுன் உரைக் கோப்புகளாக இருக்கும். நிறுவனம் மூடினாலும் நோட்பேடில் திறக்கலாம். சிக்கல் போனுக்குக் கொண்டுபோவதில். அவர்களுடைய ஒத்திசைவுச் சேவைக்குக் கட்டணம் உண்டு. இலவசமாகச் செய்ய சிங்திங் என்ற ஒத்திசைவு மென்பொருளை நம்பியிருந்தவர்களுக்கு அதன் அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு செயலி 2024 இறுதியில் நின்றுபோனது. இப்போது கைகொடுப்பது வேறு ஆர்வலர்கள் நடத்தும் கிளைப் பதிப்பு. விண்டோஸும் ஆண்ட்ராய்டும் வைத்திருப்பவருக்கு நான் ஜோப்ளினைத்தான் சொல்வேன். டிராப்பாக்ஸ் அல்லது ஒன்டிரைவ் இலவசக் கணக்கே போதும். மார்க்டவுனாக மொத்தத்தையும் வெளியே எடுக்கலாம். முகம் கொஞ்சம் கரடுமுரடு. முனைக்கு முனை மறைகுறியாக்கம் உண்டு, ஆனால் நாமே போய் ஆன் செய்ய வேண்டும்.

தமிழில் எழுதுபவர் இன்னொன்றையும் சோதிக்க வேண்டும்: தேடல். "மரத்தடியில்" என்று எழுதி வைத்ததை "மரம்" என்று தேடினால் கிடைக்காது. "வீடு" என்று தேடினால் "வீட்டு வரி" வராது. சொல்லின் துண்டையும் தேடித் தரும் செயலியானால் "மர", "வீட" என்று முன்பகுதியை மட்டும் அடித்துத் தப்பிக்கலாம். முழுச்சொல்லை மட்டும் பார்க்கும் செயலியில் அதுவும் பலிக்காது. பழைய குறிப்புகளை எல்லாம் ஏற்றுவதற்கு முன் நாலைந்து வரி தமிழில் தட்டி, இப்படி முன்பகுதியை வைத்துத் தேடிப் பார்க்க வேண்டும். போனில் ஒரு தடவை, கணினியில் ஒரு தடவை. ஒரே செயலியானாலும் இரண்டிலும் தேடல் ஒரே மாதிரி இருக்கும் என்ற உறுதி கிடையாது.