பழிக்கு ஒரு தலை

வாடிப்பட்டி பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை இருக்கிறது. மதுரைக்கோ திண்டுக்கல்லுக்கோ போக வந்தவர்கள் அங்கே ஒரு நிமிஷம் உட்கார்ந்தால் இரண்டு பஸ்ஸாவது கைவிட்டுப் போய்விடும். டீ அப்படியொன்றும் விசேஷம் அல்ல, பேச்சு அப்படி. 2025 ஏப்ரலில், காஷ்மீரத்தில் பஹல்காம் என்ற இடத்தில் 26 பேரைச் சுட்டுக் கொன்ற செய்தி வந்த மறுநாள் காலையில் நானும் அங்கே உட்கார்ந்து பஸ்ஸை விட்டுக்கொண்டிருந்தேன்.

"அம்புட்டுச் சனம் கூடுற எடத்துல காவலுக்கு ஒருத்தன் இல்லையே மாப்ளே, இதுக்கு யாரு பொறுப்பு?" என்று ஆரம்பித்தார் வயசில் பெரியவர்.

"ஒங்க ஆளுக ஆண்டப்ப மட்டும் என்ன மாமா வாழ்ந்துச்சு? பம்பாய்ல கடல் வழியா வந்து எறங்கி மூணு நாளாச் சுட்டானுகளே, மறந்து போச்சா?"

"சரி, காந்தகாருக்கு மூணு பேரைப் பிளேன்ல ஏத்திக்கிட்டுப் போய் விட்டுட்டு வந்தது யாரு?"

"அப்ப ராசீவ் காந்தி செத்தப்ப?"

2025-லிருந்து 2008, அங்கிருந்து 1999, அங்கிருந்து 1991. டீ ஆறுவதற்குள் முப்பத்து நாலு வருஷம் பின்னால் போய்விட்டார்கள். ஒவ்வொரு தடவையும் கேள்வி ஒன்றுதான்: யார் பொறுப்பு? ஒவ்வொரு தடவையும் பதிலும் ஒன்றுதான்: உன் கட்சி. செத்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பார்லிமெண்டிலும் இவ்வளவுதான் பேசுகிறார்கள். அங்கே டீ மட்டும் இதைவிட நன்றாக இருக்கலாம்.

நாவல் எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தக் காகிதத்தைக் கையில் எடுத்தாலும், இதை எழுதியவன் முடிவை முதலிலேயே தீர்மானித்துக்கொண்டு எழுதினானா, எழுதி எழுதி முடிவுக்கு வந்து சேர்ந்தானா என்று பார்ப்பான். மட்டமான துப்பறியும் கதையில் வில்லன் யார் என்பது அட்டைப் படத்திலேயே தெரிந்துவிடும். ராஜீவ் காந்தி கொலையைப் பற்றி இரண்டு நீதிபதிகள் விசாரித்து எழுதிய அறிக்கைகளைக் கிடைத்த அளவுக்கு அந்தக் கண்ணோடுதான் படித்தேன். ஒன்று ஜே.எஸ். வர்மாவினுடையது. மற்றது மிலாப் சந்த் ஜெயினுடையது. முதலாவதை நம் ஊரில் படித்தவர்கள் சொற்பம். இரண்டாவதைப் படிக்காமலே அதற்காகச் சண்டை போட்டவர்கள் லட்சம் பேர்.

வர்மாவுக்கு இட்ட வேலை சின்னது. 1991 மே 21-ம் தேதி இரவு ஸ்ரீபெரும்புதூரில் பாதுகாப்பு எப்படித் தவறியது, தவறியதற்கு யார் பொறுப்பு? அவ்வளவுதான். சதி யாருடையது என்பது அவர் வேலை அல்ல. கேள்வி சின்னதாக இருந்ததாலேயே பதில் கூர்மையாக வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. 1992 ஜூனில் கொடுத்த அறிக்கையில் அவர் ஒவ்வொரு கதவாகப் போய்த் தட்டிப் பார்த்தார். பிரதம மந்திரியாக இருந்தவரைக்கும் ராஜீவைச் சுற்றி விசேஷப் பாதுகாப்புப் படை இருந்தது. 1989 கடைசியில் பதவி போனதும் வி.பி. சிங் சர்க்கார் அதை எடுத்துவிட்டது. அதற்கு ஈடாக, ஆளோடு ஆளாக ஒட்டி நிற்கும் வேறு காவலைக் கொடுக்கவில்லை. அடுத்து வந்த சந்திரசேகர் சர்க்காரும் கொடுக்கவில்லை. இத்தனைக்கும் அது காங்கிரஸ் தாங்கிப் பிடித்து நின்ற சர்க்கார். உளவு இலாகா தனக்குத் தெரிந்ததை உரிய விதத்தில் செயலாக்கவில்லை. மாநிலப் போலீஸ் கூட்டத்தை வரம்புக்குள் வைக்கவில்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டு, கூட்டம் ஏற்பாடு செய்த காங்கிரஸ்காரர்களையும் அவர் விடவில்லை. போலீஸ் போட்ட ஒழுங்கைக் குலைத்ததில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்று எழுதிவிட்டார்.

இதிலே ஒரு வேடிக்கை. அந்த விசேஷப் படையைப் பதவியிலிருக்கும் பிரதம மந்திரிக்கும் அவர் குடும்பத்துக்கும் மட்டுமே என்று வரையறுத்த சட்டம் 1988-ல் வந்தது. அப்போது பிரதம மந்திரி ராஜீவ் காந்தியேதான். பதவி போன பிறகும் உயிர் இருக்கும் என்பது சட்டம் எழுதினவர்களுக்கு அன்று ஞாபகம் வரவில்லை. அவர் செத்த பிறகு, 1991-லேயே, சட்டத்தைத் திருத்தினார்கள்.

இந்த அறிக்கையால் எந்த மந்திரிசபையும் கவிழவில்லை. காரணம் சுலபம். இதில் எல்லாக் கட்சிக்கும் ஓர் அடி விழுந்திருந்தது. எல்லோருக்கும் அடி விழுந்த அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு எந்தப் பேச்சாளரும் மேடை ஏற மாட்டார்.

ஜெயின் கமிஷனின் கதை வேறு. கொலைக்குப் பின்னால் இருந்த சதி முழுவதையும், அதற்கு முந்தின வருஷங்களையும் அவர் பார்க்க வேண்டும். அது ஒரு மனிதர் தூக்கக்கூடிய சுமையா என்பதே சந்தேகம். 1991 ஆகஸ்டில் நியமித்தார்கள். 1997 ஆகஸ்டில் இடைக்கால அறிக்கை வந்தது, 5,000 பக்கங்களுக்கு மேல். அந்த நவம்பரில் அது பத்திரிகையில் கசிந்தது. தி.மு.க. ஆட்சி விடுதலைப் புலிகளுக்கு இடம் கொடுத்தது என்ற பகுதி மட்டும் தேசம் முழுக்கப் பரவிற்று. 5,000 பக்கத்தில் மீதியை யார் படித்தார்கள்? ஐ.கே. குஜ்ராலின் மந்திரிசபையில் இருந்த தி.மு.க. மந்திரிகளை வெளியேற்றினால் ஆயிற்று, இல்லாவிட்டால் ஆதரவு இல்லை என்றது காங்கிரஸ். குஜ்ரால் மாட்டேன் என்றார். 1997 நவம்பர் 28-ம் தேதி மந்திரிசபை விழுந்தது.

அந்த நாட்களில் இதே வாடிப்பட்டியில் நானும் ஒரு பக்கம் நின்று தொண்டை கிழியப் பேசினேன். எந்தப் பக்கம் என்று இப்போது சொல்லப் போவதில்லை. எதிர்ப்பக்கம் நின்றவர்களும் என்னளவுக்கே அறிக்கையைப் படித்திருந்தார்கள், அதாவது படிக்கவே இல்லை.

தி.மு.க.வுக்குப் பொறுப்பே இல்லையா? இருக்கிறது, மழுப்ப வேண்டியதில்லை. 1990 ஜூன் 19-ம் தேதி சென்னைக் கோடம்பாக்கத்தில், பட்டப்பகலில், ஈ.பி.ஆர்.எல்.எப். தலைவர் பத்மநாபாவையும் உடனிருந்தவர்களையும் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். கொன்றவர்கள் தமிழ்நாட்டின் நடுவிலிருந்து கடற்கரை வரைக்கும் போய், கடலையும் தாண்டிவிட்டார்கள். அன்றைக்கு ஆட்சி தி.மு.க.வுடையது. அந்தக் கொலையில் சம்பந்தப்பட்ட சிவராசன்தான் மறு வருஷம் ஸ்ரீபெரும்புதூருக்கும் வந்தான். அவனை அன்றே பிடித்திருந்தால் என்ற கேள்விக்குச் சமாதானம் சொல்ல முடியாது.

ஆனால் 1991 ஜனவரி 30-ம் தேதி அந்த ஆட்சியைக் கலைத்தாகிவிட்டது. கவர்னர் பர்னாலா கலைக்கச் சொல்லி அறிக்கை தர மறுத்தும் கலைத்தார்கள். புலிகளுக்கு இடம் கொடுத்தார்கள் என்பதே காரணம். மே 21 அன்று தமிழ்நாட்டை ஆண்டது ஜனாதிபதி ஆட்சி, அதாவது டில்லி. புலிகளை அடக்கத்தான் ஆட்சியை எடுத்துக்கொண்டோம் என்றவர்கள் கையில் மூன்றரை மாதத்துக்கு மேல் போலீஸும் இருந்தது, உளவும் இருந்தது. அந்த மூன்றரை மாதத்தில் என்ன செய்தார்கள் என்று ஜனங்கள் கேட்கவில்லை. அடுத்த மாதத் தேர்தலில் அ.தி.மு.க.வும் காங்கிரஸும் சேர்ந்து 39 லோக்சபை ஸ்தானங்களையும் வாரிக்கொண்டன. துக்கத்தில் இருக்கிற ஜனங்கள் கணக்குக் கேட்க மாட்டார்கள். அதைத் தப்பென்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

நான் சொல்ல வந்த விஷயம் இனித்தான். குஜ்ரால் மந்திரிசபை விழுந்தது நவம்பர் 28. மறுநாள், நவம்பர் 29 இரவு, கோயம்புத்தூரில் பணியிலிருந்த ஒரு போலீஸ்காரரைக் குத்திக் கொன்றார்கள். அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் செத்தார்கள். அதற்குப் பழி வாங்க 1998 பிப்ரவரி 14-ம் தேதி ஊரெங்கும் குண்டுகள் வெடித்தன. 58 பேர் செத்தார்கள். அன்று மாலை அங்கே பேச இருந்தவர் அத்வானி. அவர் வந்ததோ, குஜ்ரால் விழுந்ததால் வந்த தேர்தலுக்குப் பிரசாரம் செய்ய.

ஒன்றால் மற்றது விளைந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படி முடிச்சுப் போடுவது மட்டமான நாவல். ஆறு வருஷத்துக்கு முந்தின கொலைக்கு யார் பொறுப்பு என்று தேசமே டில்லியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்த வாரத்தில், அடுத்த கொலைகளுக்கு நம் பக்கத்து ஜில்லாக்களிலேயே நாள் குறித்துக்கொண்டிருந்தார்கள் என்று மட்டும் சொல்கிறேன். கோயம்புத்தூரில் ஜனவரி மாதத்தில் எந்த அதிகாரிக்கு என்ன தெரிந்திருந்தது, தெரிந்து என்ன செய்தார் என்பதுதான் அப்போது கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அதை யாரும் மேடையில் கேட்டு நான் கேட்டதில்லை.

வெடித்ததும் பழைய கச்சேரியே மறுபடியும். ஆண்டது தி.மு.க., ஆகவே குற்றம் தி.மு.க. என்று பா.ஜ.க.வும் அதன் அன்றைய தோழமைக் கட்சியான அ.தி.மு.க.வும் முழங்கின. மறு வருஷம், 1999-ல், பா.ஜ.க.வின் மந்திரிசபையில் தி.மு.க. உட்கார்ந்தது. 2004-ல் காங்கிரஸும் தி.மு.க.வும் கூட்டுச் சேர்ந்து ஜெயித்து, ஒரே மந்திரிசபையில் அமர்ந்தன. எந்தக் கட்சி இருக்கக் கூடாது என்று ஒரு சர்க்காரைக் கவிழ்த்தார்களோ, அதே கட்சியோடுதான். ராஜதந்திரத்தில் இது சகஜம் என்பார்கள். இருக்கட்டும். அப்படியானால் 1997-ல் சொன்ன குற்றச்சாட்டு பொய்யா? மெய் என்றால் 2004-ல் எப்படிச் சேர்ந்தார்கள்? இரண்டில் ஒன்றுக்காவது யாராவது வாய் திறந்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் புத்திசாலிகள் சிலர் குறுக்கே வருவார்கள். "எல்லோரும்தான் ஐயா குற்றவாளிகள்" என்பார்கள். 1983-க்குப் பிறகு ஈழத்து இளைஞர்களுக்கு இந்திய மண்ணில் ஆயுதப் பயிற்சி கொடுத்தது இந்திரா காந்தி சர்க்கார். பணம் கொடுத்தது எம்.ஜி.ஆர்.; ஆதரித்து ஊர்வலம் போகாத கட்சி இல்லை. உண்மைதான். உண்டியலில் காசு போட்டது நாம். நானே மதுரையில் போட்டிருக்கிறேன். போட்ட கையைப் பிற்பாடு வெகு நாள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஆனாலும் எல்லோரும் குற்றவாளி என்கிற பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. அதைக் கேட்டு யாருக்கும் தூக்கம் கெடுவதில்லை. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் கண்மாய்க் கரை உடைந்தால், முதல் கேள்வி அன்று ராத்திரி கரையில் காவல் யார் என்பது. அடுத்தது, கலுங்கில் தண்ணீர் போக வழி இருந்ததா, அதை அடைத்தவன் யார் என்பது. மழை பெய்தது எல்லோருக்கும்தான் என்று சொல்லி எவனும் தப்பித்துப் போக முடியாது.

அமெரிக்காவிலும் இந்தச் சண்டை உண்டு. 2001 செப்டம்பர் 11-க்குப் பொறுப்பு எட்டு வருஷம் ஆண்ட கிளிண்டனா, எட்டே மாதம் ஆண்டிருந்த புஷ்ஷா? ஒருவர் 1998-ல் ஏவுகணை விட்டும் பின் லேடன் தப்பினான். மற்றவருக்கு, அவன் அமெரிக்காவுக்குள்ளேயே அடிக்கத் தீர்மானித்திருக்கிறான் என்று தலைப்பிட்ட காகிதமே 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி வந்தது. கட்சிக்கு ஐவராகப் பத்துப் பேர் விசாரித்து, 2004-ல் ஒரே குரலில் அறிக்கை கொடுத்தார்கள். அது புத்தகக் கடையில் நாவல் மாதிரி விற்று, அந்த வருஷத்து தேசியப் புத்தகப் பரிசின் இறுதிப் பட்டியலிலும் இடம் பெற்றது. பொறாமையாக இருக்கிறது, நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒரே குரலுக்காக அவர்கள் கொடுத்த விலை பெரிது. தவறியது கற்பனை, தவறியது நிர்வாகம் என்கிறார்கள். இன்ன மனுஷர் தவறினார் என்று விரல் நீட்டத் தயங்கிவிட்டார்கள். கற்பனையைக் கூண்டில் ஏற்ற முடியுமா?

நான் படித்ததில் மனசுக்குத் திருப்தி தந்தது பக்கத்து இலங்கையிலிருந்து வந்த ஒரு தீர்ப்பு. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்புக் கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் கோயில்களில் குண்டு வெடித்தது, ஹோட்டல்களிலும் வெடித்தது. 260 பேருக்கு மேல் செத்தார்கள். பூஜைக்குப் போன தமிழ்க் குடும்பங்கள் அதில் எத்தனையோ. இந்தியாவிலிருந்து ஏப்ரல் 4-ம் தேதியே எச்சரிக்கை போயிருந்தது. எனக்குச் சொல்லவில்லை என்றார் ஜனாதிபதி சிறிசேன. எனக்கும் சொல்லவில்லை என்றார் பிரதம மந்திரி ரணில். இருவருக்கும் ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை சரியில்லை என்பது ஊருக்கே தெரியும். கட்சிக்காரர்கள் வழக்கம்போல இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். 2023 ஜனவரி 12-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டு எந்தக் கட்சி என்று கேட்கவில்லை. காகிதம் யார் மேஜைக்கு வந்தது, வந்த பிறகு அவர் கடமை என்ன, செய்தாரா என்று கேட்டது. முடிவில், பாதுகாப்பு மந்திரியாகவும் இருந்த சிறிசேன சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் கொடுக்க வேண்டும். போலீஸ் தலைவரும் உளவுத் தலைவரும் ஆளுக்கு ஏழரைக் கோடி. பாதுகாப்புக் காரியதரிசி 5 கோடி. செத்த பிள்ளைக்கு ரூபாய் ஈடாகாது. இருந்தாலும் பெயருக்கு நேரே தொகை எழுதியிருக்கிறதே, அதை மேடையில் ஏறி மாற்றிப் பேச முடியாது.

டீக்கடையில் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. எழுத்தாளன் வாயைத் திறந்தால் அங்கே பஸ் சீக்கிரம் வந்துவிடுகிறது. ஓரத்து பெஞ்சில் வேலையிலிருந்து ஓய்ந்த போலீஸ் ஏட்டு ஒருவர் இருந்தார். தலைவர்கள் வரும் கூட்டங்களுக்குப் பந்தோபஸ்துக்குப் போய்ப் போய்க் காலை ஒடித்துக்கொண்டவர். அவர் ஒரு பழைய கதை சொன்னார். ஏதோ ஓர் ஊரில் மேடைக்குப் போகிற வழியில் கயிறு கட்டி, பட்டியலில் இல்லாத ஆளை விடாதே என்று அவரை நிறுத்தியிருந்தார்களாம். பத்துப் பேரோடு ஒருவர் வந்து, "அண்ணே, இவுக நம்ம ஆளுக, தள்ளுங்க" என்று கயிற்றைத் தூக்கிவிட்டாராம். ஏட்டு மேலதிகாரியைத் திரும்பிப் பார்த்தாராம். அவர் வேறு பக்கம் பார்த்தாராம்.

"நல்ல வேளை, அன்னைக்கு வந்தவுகள்லாம் மாலையோட வந்தவுகதான்" என்றார் ஏட்டு.

"கயித்தைத் தூக்குனவரு எந்தக் கட்சிண்ணே?" என்று ஒரே சமயத்தில் கேட்டார்கள் மாமாவும் மாப்பிள்ளையும்.

ஏட்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

"வெள்ளை வேட்டிதான் கட்டியிருந்தாரு. கரையைக் கவனிக்கலப்பா" என்றார்.