வீடு திரும்புதல்: ஒடிசியின் முடிவு பற்றிய ஒரு நோக்கு

பிரிந்தவன் மீண்டு வருதல் பழந்தமிழ்ப் புலவர்க்கும் கிரேக்கப் புலவர்க்கும் ஒப்ப உவந்த பாடுபொருளாகும். 103 அடிகளாலாகிய முல்லைப்பாட்டிலே, தலைவனது தேர்பூண்ட குதிரைகளின் ஆரவாரம் தலைவியின் செவியை நிறைத்தவுடன் நப்பூதனார் பாட்டை முடித்துவிடுகின்றார். சந்திப்பைப் பாடவேண்டிய தேவை அவர்க்கில்லை. வந்தவன் யாரென்ற ஐயம் அங்கு எழவில்லையன்றோ?

ஓமரின் ஒடிசியோ, போரிற் பத்து ஆண்டும் அலைச்சலிற் பத்து ஆண்டும் கழித்து மீள்பவனின் கதை. 24 பகுதிகளுள் 13 ஆம் பகுதியிலேயே ஒடிசியசு தன் நாடாகிய இதாக்காவை அடைந்துவிடுகின்றான். எஞ்சிய பாதிக் காப்பியமும், அவன் மனைவியை மணக்க விரும்பி மனையிற் புகுந்திருந்தோரை அழித்தற்கு மட்டும் எழுந்ததன்று. நெடும்பிரிவின்பின் ஊரை அடைதல் வேறு, உறவை அடைதல் வேறு என்பதனை ஓமர் ஆண்டுப் படிப்படியாகக் காட்டுகின்றார்.

அவனை ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகையால் அறிகின்றனர். கிழநாய் ஆர்கொசு அடையாளம் எதுவும் வேண்டாது அறிந்து, வாலை அசைத்து உயிர்விடுகின்றது. கால் கழுவிய செவிலி பழைய தழும்பால் அறிகின்றாள். மனைவி பெனலோப்பி, வேரூன்றிய ஒலிவ மரத்தையே காலாகக் கொண்டு அவன் அமைத்த கட்டிலின் மறைபொருளால் அறிகின்றாள். குழவிப் பருவத்திற் பிரிந்த மகனுக்கோ பழைய நினைவு எதுவுமில்லை. அவன் தந்தையின் சொல்லை நம்புதல் ஒன்றே வழி.

கணவனும் மனைவியும் கூடும் 23 ஆம் பகுதியின் 296 ஆம் அடியே காப்பியத்தின் எல்லை என்று அலெக்சாந்திரியாவின் அறிஞர்களாகிய அரிசுடோபனீசும் அரிசுடார்க்கசும் கருதினர். இக்கருத்து எமக்கு உடன்பாடன்று. தாய் மகனை எண்ணி ஏங்கியே இறந்தாள். முதிய தந்தை கந்தை உடுத்துத் தோட்டத்தில் உழல்கின்றார். அவரைக் காணாத மீட்சி நிறைவுடைய மீட்சியாகுமா?

தந்தையிடமும் ஒடிசியசு முதலிற் பொய்யுரைத்தல் குற்றமென்பர். அது கொடிதே, ஆயினும் பொருத்தமற்றதன்று. இருபதாண்டு வேற்றுநாட்டு வாழ்வில் உயிர்காத்த பொய், தந்தையின் முன்னும் நாவை விட்டகலவில்லை. முதியவர் புழுதியை வாரித் தலையிற் சொரியக் கண்டபோதே அது உடைகின்றது. அப்போது அவன் தழும்பைக் காட்டுகின்றான். அதனோடு அமையாது, சிறுவனாகப் பின்தொடர்ந்த நாளில் தந்தை தனக்கென்று அளித்த 13 பேரி மரங்களையும் 10 ஆப்பிள் மரங்களையும் 40 அத்தி மரங்களையும் எண்ணிச் சொல்கின்றான். தழும்பு அவன் ஒடிசியசு என்பதை நிறுவும். மரங்களோ அவன் மகன் என்பதை நிறுவும்.

1983 ஆம் ஆண்டின் பின்னர் மக்களைக் கடல்கடந்து அனுப்பிய இல்லங்கள் நம்மிடையே பலவாதலின், இவ்வேறுபாடு நமக்கு எளிதில் விளங்கும். பல்லாண்டு கழித்து வருபவனை அவன் கடவுச்சீட்டு யாரென்று காட்டும். வளவிலுள்ள மாவையும் பலாவையும் இன்னது இன்னார் நட்டதென்று அவன் சொல்லக் கேட்கும்போதே தந்தைக்கு மகன் வந்தவனாவான். ஆகவே, ஒடிசியின் உண்மை முடிவு கட்டிலன்று, தோட்டமே என்பது எமது துணிபு.