அலாவுதீன் எந்த ஊரான்?

தரம் எட்டுப் பிள்ளைகளிடம் அலாவுதீன் கதையைச் சுருக்கி எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு மகன், அலாவுதீன் சீன தேசத்துத் தையற்காரரின் பிள்ளை என்று தொடங்கியிருந்தான். நான் சீனத்தை வெட்டி, 'அரபு தேசம்' என்று சிவப்புப் பேனையால் போட்டேன். "சேர், நான் வாசிச்ச புத்தகத்தில அப்படித்தானே இருக்கு?" என்றான். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பிழை என்னுடையது.

கதை சீனத்தில்தான் நடக்கிறது. அங்கே சுல்தான் ஆளுகிறார். பெயர்களெல்லாம் முஸ்லிம் பெயர்கள். கதை சொன்னவருக்குச் சீனம் என்றால் எட்டாத தூரம், அவ்வளவுதான். 'மூன்று வரம்' என்ற கணக்கும் அதில் கிடையாது. விளக்கு கையிலிருக்கும் வரை கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஜின்களும் இரண்டு: ஒன்று மோதிரத்துக்கு, மற்றது விளக்குக்கு. மூன்று வரத்தைப் பரப்பியது சினிமா. அக்ரபா என்ற ஊரோ 1992இல் வந்த டிஸ்னி படத்துக்காகக் கட்டப்பட்டது.

இதைவிடப் பெரிய சங்கதி ஒன்றுண்டு. அலாவுதீனும் அலிபாபாவும் 'ஆயிரத்தொரு இரவுகள்' நூலின் பழைய அரபுப் பிரதியில் இல்லவே இல்லை. 1704 முதல் அதைப் பிரெஞ்சில் வெளியிட்ட அந்துவான் கலான், 1709இல் பாரிசில் ஹன்னா தியாப் என்பவர் சொல்லக் கேட்டே இவற்றைச் சேர்த்தார். தியாப் அலெப்போ நகரத்து மரோனைட் கிறிஸ்தவர். கலானின் நாட்குறிப்பே இதற்குச் சாட்சி. அந்தப் பழைய பிரதியை முஹ்சின் மஹ்தி 1984இல் பதிப்பித்தார். அதில் இருப்பது 282 இரவுகள் மட்டுமே. 1956இல் வந்த எம்.ஜி.ஆர். படத்தைப் பார்த்த எங்கட வாப்பாமாருக்கு இதை யார் சொன்னார்கள்?

இது வெறும் தகவல் திருத்தமென்று விட்டுவிட முடியாது. எம்மவரில் சிலர் இதனை 'இஸ்லாமிய இலக்கியம்' என்று தூக்கி வைக்கிறார்கள். பத்தாம் நூற்றாண்டு பக்தாதில் இப்னு அந்நதீம் இதன் பாரசீக மூலத்தை மதிப்பில்லாத நூலென்றே எழுதிவைத்தார். பிறரோ இதே கதைகளைக் காட்டி, 'முஸ்லிம்கள் இப்படித்தான்' என்கிறார்கள். டிஸ்னி படத்தின் தொடக்கப் பாட்டில் காது அறுக்கும் வரி ஒன்று இருந்தது. அமெரிக்க அரபு மக்கள் எதிர்த்த பிறகு 1993 வீடியோவில் அதை மாற்றினார்கள். அந்நாடு காட்டுமிராண்டித்தனமானது என்ற சொல்லை மட்டும் விட்டுவைத்தார்கள். கதை எங்கிருந்து வந்ததென்று தெரியாதவனால் இந்தப் பெருமையையும் மறுக்க முடியாது, அந்தப் பழியையும் மறுக்க முடியாது.

எமக்கு உண்மையில் நெருக்கமானது சிந்துபாத்தின் ஆறாம் பயணம். அவன் வந்து சேரும் ஸரந்தீப் எமது தீவுதான். பாவா ஆதம் மலை அதிலே வருகிறது. இங்குள்ள அரசர் கலீபா ஹாரூன் ரஷீதுக்கு அவன் கையில் அன்பளிப்பு அனுப்புகிறார். இந்தக் கடல்வழியை வணிகர் அறிந்திருந்தனர். சிந்துபாத் கதையும் தனி நூலாக உலவி, பிறகு இத்தொகுதியில் சேர்ந்ததுதான். ஆனாலும் அதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

மறுநாள் அந்த மகனின் கொப்பியை வாங்கி, எனது திருத்தத்தை வெட்டிவிட்டுச் சரி போட்டேன். "அப்ப சேருக்கும் பிழைக்குமா?" என்றான். பிழைக்கும் மகன், வாசிக்காமல் திருத்தினால் பிழைக்கும்.